அத்தியாயம் 7: உங்கள் கம்பைலருக்கு எந்தெந்த எண் வகைகள் தெரியும்?

64 பிட் லினக்ஸில் 'லாங்' என்று அறிவித்த மாறி 8 பைட் எடுத்துக்கொள்ளும். அதே மூலநிரலை 64 பிட் விண்டோஸில் கம்பைல் செய்தால் அதே மாறி 4 பைட்டில் அடங்கிவிடும். இரண்டு இடத்திலும் பிழைச்செய்தி வராது. எச்சரிக்கைகூடப் பெரும்பாலும் வராது. லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸில் திறக்கும்போதுதான் எண்கள் தாறுமாறாக வந்து நிற்கும்.

இது யாருடைய பிழையும் இல்லை. சி மொழித் தரம் கீழ்வரம்பை மட்டுமே சொல்கிறது: 'ஷார்ட்', 'இன்ட்' இரண்டும் குறைந்தது 16 பிட், 'லாங்' குறைந்தது 32, 'லாங் லாங்' குறைந்தது 64. அதற்கு மேல் எவ்வளவு என்பதை இயந்திரமும் கம்பைலரும் முடிவு செய்துகொள்ளலாம். யூனிக்ஸ் வழி வந்த 64 பிட் அமைப்புகள் 'லாங்'கையும் பாயின்டரையும் 64 ஆக்கின. மைக்ரோசாஃப்ட் 'லாங்'கை 32 ஆகவே விட்டுவைத்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000 வரிசைச் சில்லுகளில் ஒரு 'சார்' என்பதே 16 பிட். அங்கே 'சைஸ்ஆஃப் இன்ட்' கேட்டால் 1 என்று பதில் வரும், 8 பிட் எண் வகையே கிடையாது. 'சைஸ்ஆஃப்' எண்ணுவது 'சார்' அலகில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிட் கணக்கு வேண்டுமானால் 'சார்_பிட்' மேக்ரோவால் பெருக்க வேண்டும்.

ஆகவே பில்டு தொடங்குமுன் கன்ஃபிகர் கட்டத்தில் கம்பைலரிடம் சில கேள்விகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதுதான் இந்த அத்தியாயம். (நிரல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். உங்கள் கோப்பில் அவற்றின் ரோமன் வடிவத்தையே தட்டச்சிடுங்கள்.)

பெயரை நம்பாதீர்கள்

பலரும் முதலில் எழுதுவது இப்படி ஒரு நிபந்தனை: "கம்பைலர் ஜிசிசி, பதிப்பு 4.6 அல்லது அதற்கு மேல் என்றால் 128 பிட் முழு எண் உண்டு." பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜிசிசியில் 'இன்ட்128' வகை வந்தது 4.6 பதிப்பில்தான். ஆனாலும் இந்த நிபந்தனை இரண்டு பக்கமும் தவறும்.

க்ளாங் கம்பைலர் பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காகத் தன்னை ஜிசிசி 4.2 என்றே அறிவித்துக்கொள்கிறது. இன்றைய புத்தம்புதிய க்ளாங்கும் அந்த மேக்ரோக்களில் அதே பழைய எண்ணைத்தான் வைத்திருக்கிறது. 64 பிட் இலக்குகளில் அதற்கு 128 பிட் எண் நன்றாகவே தெரியும். உங்கள் நிபந்தனையோ "இல்லை" என்று முடிவு செய்துவிடும். மறுபுறம், 32 பிட் இன்டெல்லுக்குக் கம்பைல் செய்யும் ஜிசிசி 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண் தாராளமாகத் தேறும், ஆனால் அந்த இலக்கில் இந்த வகையே கிடையாது. பில்டு நடுவழியில் நிற்கும்.

கம்பைலரின் பெயர், பதிப்பு, இயங்குதளம் மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய அட்டவணை போட்டாலும், அடுத்த ஆண்டு வரப்போகும் கம்பைலர் அதில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது எந்தத் திறனோ, அதையே நேரடியாகக் கேளுங்கள். டேவிட் மெக்கன்சி 1991-இல் ஆட்டோகான்ஃப் கருவியை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அதன் அடிப்படை இதுதான். பின்னால் வந்த சிமேக்கும் மெசானும் இதே வழியில்தான் செல்கின்றன.

முதலில் பிரீபிராசசரைக் கேளுங்கள்

கன்ஃபிகரில் சோதனை எழுதக் கை பரபரக்கும். அதற்கு முன், விடை ஏற்கெனவே ஏதாவது ஒரு மேக்ரோவில் இருக்கிறதா என்று பாருங்கள். 'லிமிட்ஸ்' ஹெடரில் உள்ள 'லாங்_மேக்ஸ்' மதிப்பைப் பார்த்தாலே 'லாங்' 32 பிட்டா 64 பிட்டா என்று தெரிந்துவிடும். 'எஸ்டிடிஇன்ட்' ஹெடரில் 'இன்ட்64_மேக்ஸ்' வரையறுக்கப்பட்டிருந்தால் துல்லியமாக 64 பிட் கொண்ட வகை இருக்கிறது என்று பொருள். சி99 தரத்தில் அந்த வகை கட்டாயமில்லை, 'இன்ட்_லீஸ்ட்64_டி' போன்றவைதான் கட்டாயம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 128 பிட்டுக்கு ஜிசிசியும் க்ளாங்கும் 'சைஸ்ஆஃப்_இன்ட்128' என்ற மேக்ரோவை (முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு) தாமே வரையறுத்துவிடுகின்றன.

இந்த வழிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விடை நிரல் கம்பைல் ஆகும் அந்தக் கணத்தில் கிடைக்கிறது. முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பிலிருந்து வருவதில்லை. மேக்கில் ஒரே பில்டில் இன்டெல்லுக்கும் ஆப்பிள் சிலிக்கானுக்கும் சேர்த்து பைனரி உருவாக்கும்போது இதன் அருமை புரியும். 'லாங் டபுள்' இன்டெல் பக்கம் 16 பைட், ஆப்பிள் சிலிக்கான் பக்கம் 8 பைட். கன்ஃபிகர் ஒரே ஒரு எண்ணை எழுதி வைத்தால் இரண்டில் ஒரு பாதி கட்டாயம் தவறாகும். சிமேக்கின் அளவு சோதனை இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது: கட்டமைப்புகளுக்கிடையே அளவு வேறுபட்டால் அளவை 0 என்று வைத்துவிட்டு, எந்தக் கட்டமைப்புக்கு எந்த அளவு என்று பிரீபிராசசர் நிபந்தனைகளாகவே எழுதித் தந்துவிடும். அதைத் தெரியாமல் அந்த 0-வை "வகையே இல்லை" என்று படித்துவிடாதீர்கள்.

இயக்காமலே அளப்பது

மேக்ரோ கிடைக்காத இடத்தில் 'சைஸ்ஆஃப்' தேவைப்படும். பிரீபிராசசர் நிபந்தனைக்குள் அதை எழுத முடியாது. அந்தக் கட்டத்தில் வகைகள் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சின்ன நிரல் ஒன்றை எழுதி, இயக்கி, அளவை அச்சிடச் சொல்வது எளிய வழி. ஆனால் உங்கள் மேசைக் கணினியில் உட்கார்ந்து ராஸ்பெர்ரி பைக்கோ ரவுட்டருக்கோ கிராஸ் கம்பைல் செய்யும்போது உருவான பைனரி உங்கள் கணினியில் ஓடாது.

இதற்கு ஆட்டோகான்ஃப் கையாளும் உத்தி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நீளம் எதிர்மறையாக உள்ள அணியை அறிவித்தால் கம்பைலர் பிழை சொல்ல வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஒரு கூற்று உண்மையானால் நீளம் 1, பொய்யானால் -1 வருமாறு ஓர் அணியை அறிவித்துக் கம்பைல் செய்கிறது. கம்பைல் ஆனால் கூற்று உண்மை, ஆகாவிட்டால் பொய். பைனரியை இயக்கவே வேண்டாம். கம்பைலரிடம் ஆம், இல்லை என்று பதில் வாங்கிவிடலாம்.

8 பைட் கொண்ட 'லாங்'கை அது எப்படி அளக்கிறது என்று கூடவே நடந்து பார்ப்போம். முதல் கேள்வி: அளவு 0 அல்லது அதற்கு மேலா? ஆம். அடுத்து: 0-க்குள் அடங்குமா? இல்லை. 1-க்குள்? இல்லை. 3-க்குள்? இல்லை. 7-க்குள்? இல்லை. 15-க்குள்? ஆம். இப்போது விடை 8 முதல் 15 வரைக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி பாதி பாதியாக வெட்டுகிறது: 11-க்குள்? ஆம். 9-க்குள்? ஆம். 8-க்குள்? ஆம். விடை 8. மொத்தம் ஒன்பது முறை கம்பைலர் அழைக்கப்பட்டிருக்கிறது. கிராஸ் கம்பைல் செய்யும்போது கன்ஃபிகர் மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பதினைந்து வகைகளை அளக்கச் சொல்லியிருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லாத வகைகளை அளக்காதீர்கள்.

சிமேக் வேறு வழியில் போகிறது. அளவின் ஐந்து இலக்கங்களையும் எழுத்துகளாக ஒரு சரத்துக்குள் பொதித்து, அதற்கு முன்னால் ஓர் அடையாளச் சொல்லை வைத்துக் கம்பைல் செய்கிறது. பிறகு உருவான பைனரியைத் திறந்து அந்த அடையாளத்தைத் தேடி, அருகில் இருக்கும் '00008' என்பதைப் படித்துக்கொள்கிறது. ஒரே கம்பைலில் வேலை முடிந்துவிடும். மெசானில் கம்பைலர் பொருளின் 'சைஸ்ஆஃப்' முறையை அழைத்தால் போதும்.

நீங்களே சொந்தச் சோதனை எழுதும்போதும் "இயக்கிப் பார்" வகையைக் கடைசிப் புகலிடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால், கிராஸ் கம்பைல் செய்பவர் விடையைக் கையால் தருவதற்கு ஒரு கேஷ் மாறியாவது இருக்கட்டும்; அதன் பெயரை ஆவணத்திலும் எழுதுங்கள்.

இருக்கிறது என்பதும் பயன்படும் என்பதும்

128 பிட் முழு எண்ணுக்கு மீண்டும் வருவோம். வகையை அறிவிக்க முடிகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறைபாடு. கூட்டல், கழித்தலுக்கான கட்டளைகளைக் கம்பைலரே அங்கேயே போட்டுவிடும். வகுத்தல் அப்படியில்லை. அதற்கு 'டிவ்டிஐ3' என்ற துணைச் சார்பை அழைக்கும். அது ஜிசிசியின் 'லிப்ஜிசிசி' லைப்ரரியில் அல்லது க்ளாங்கின் 'கம்பைலர்-ஆர்டி'யில் இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் லிங்கரோடு க்ளாங்கைப் பயன்படுத்துவோருக்கு இந்த லைப்ரரி வழக்கமாக இணைவதில்லை. வகை இருக்கும், கம்பைலும் ஆகும், கடைசியில் லிங்கர் கைவிரிக்கும். லினக்ஸில் க்ளாங்கை 'லிப்ஜிசிசி'யோடு இணைத்து, மிகைவழிவைக் கண்டறியும் பெருக்கலை 128 பிட்டில் செய்தவர்கள் 'முலோடிஐ4' காணவில்லை என்ற செய்தியைப் பார்த்திருப்பார்கள். அதுவும் இதே கதைதான்.

எனவே சோதனை நிரலில் நீங்கள் உண்மையில் செய்யப்போகும் கணக்குகளையே எழுதி, லிங்க் வரை கொண்டுபோக வேண்டும். ஆட்டோகான்ஃபில் கம்பைல் சோதனைக்கும் லிங்க் சோதனைக்கும் தனித்தனி மேக்ரோ இருப்பது இதற்காகத்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு: மாறிலிகளை வைத்து வகுத்தால் கம்பைலர் விடையைத் தானே கணக்கிட்டுத் துணைச் சார்பை அழைக்காமலே விட்டுவிடும். மதிப்புகளைப் பொது மாறிகளில் வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கன்ஃபிகர் சோதனையை ஒருமுறை திறந்து படிக்கச் சொல்வேன். 9.5 பதிப்பு முதல் சில கூட்டுத்தொகை, சராசரிக் கணக்குகளை வேகப்படுத்த அது 128 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. அதன் சோதனையில் இரண்டு பொது மாறிகளைக் கூட்டி, பெருக்கி, வகுத்து, லிங்க் செய்துபார்க்கிறார்கள், இயக்குவதில்லை. 2017-இல் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. ஜிசிசி இந்த வகை நினைவகத்தில் 16-இன் மடங்கான முகவரியில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் சொந்த நினைவக ஒதுக்கி 8-இன் மடங்கை மட்டுமே உறுதிசெய்தது. கம்பைலர் 16 பைட்டை ஒரே மூச்சில் நகர்த்தும் கட்டளையைப் போட்டால், முகவரி பொருந்தாத இடத்தில் செயலி அங்கேயே நிரலை நிறுத்திவிடும். அதன் பிறகு வகையின் சீரமைவைக் குறைத்து அறிவிக்க முடிகிறதா என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். உங்கள் நிரலில் சொந்த ஒதுக்கி இருந்தால், அளவோடு சீரமைவையும் கேட்டு வாங்குங்கள். ஆட்டோகான்ஃபிலும் மெசானிலும் அதற்குத் தனி வசதி இருக்கிறது.

ஒரே அளவு, மூன்று வடிவம்

பின்ன எண்களில் 'லாங் டபுள்' அளவுக்குத் தொல்லை தருவது வேறில்லை. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் அதை 'டபுள்' போலவே 8 பைட்டாக வைத்திருக்கிறது. 64 பிட் இன்டெல் லினக்ஸில் 'சைஸ்ஆஃப்' 16. 64 பிட் ஆர்ம் லினக்ஸிலும் 16. பவர்பிசி லினக்ஸிலும் 16. ஆனால் இன்டெல்லில் இருப்பது 80 பிட் வடிவம். எண்ணின் துல்லியப் பகுதி 64 பிட், மிச்சமுள்ள 6 பைட் வெறும் இடைவெளி. ஆர்மில் இருப்பது ஐஇஇஇ தரத்தின் 128 பிட் வடிவம், துல்லியம் 113 பிட். பவர்பிசியில் நெடுங்காலம் இருந்தது இரண்டு 'டபுள்'களைச் சேர்த்துக் கட்டிய 106 பிட் வடிவம். இப்போது சில லினக்ஸ் வெளியீடுகள் அங்கேயும் ஐஇஇஇ வடிவத்துக்கு மாறிவிட்டன.

ஆகவே இங்கே 'சைஸ்ஆஃப்' கேட்பதில் பயனில்லை. 'ஃப்ளோட்' ஹெடரில் உள்ள 'எல்டிபிஎல்_மேன்ட்_டிக்' மேக்ரோவைக் கேளுங்கள். 53, 64, 106, 113 என்ற நான்கில் எது வருகிறதோ அதை வைத்து வடிவம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இது பிரீபிராசசரிலேயே கிடைப்பதால் கன்ஃபிகர் சோதனையும் வேண்டியதில்லை. இன்டெல்லின் அந்த 6 பைட் இடைவெளியில் என்ன குப்பை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு 'லாங் டபுள்' மதிப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலும், அப்படியே கோப்பில் எழுதும் நிரலும் அதில் அடிபடும்.

ஃபோர்ட்ரானையும் சியையும் கலந்து எழுதும் அறிவியல் நிரல்களில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். இன்டெல் லினக்ஸில் ஜிஃபோர்ட்ரானின் 'ரியல்*16' 16 பைட், சியின் 'லாங் டபுள்' 16 பைட். அளவு பொருந்துகிறதே என்று இரண்டையும் ஜோடி சேர்த்தால் விடை முழுக்கத் தவறு, ஏனென்றால் ஃபோர்ட்ரான் பக்கம் இருப்பது 113 பிட் வடிவம். அதற்கு இணையான சி வகை 'ஃப்ளோட்128'. ஓப்பன் எம்பிஐயின் கன்ஃபிகர் இதற்கென்றே, 'ரியல்*16'-உடன் எந்த சி வகையின் பிட் அமைப்பு ஒத்துப்போகிறது என்று தனியாகச் சோதிக்கிறது. ஃபோர்ட்ரானில் 'கைண்ட்' எண்ணைப் பைட் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். என்ஏஜி கம்பைலர் இயல்பாக 1, 2, 3 என்றுதான் எண்ணிடுகிறது. 'செலக்டெட்_ரியல்_கைண்ட்' சார்பிடம் தேவையான இலக்கத் துல்லியத்தைச் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஒரு வகை இல்லையென்றால் எதிர்மறை எண் தரும்.

16 பிட் 'ஃப்ளோட்16'-க்கும் மேலே சொன்ன லிங்க் எச்சரிக்கை அப்படியே பொருந்தும்: செயலியில் நேரடிக் கட்டளை இல்லாதபோது 'ஃப்ளோட்'டுக்கு மாற்றிக் கணக்கிடுவதற்குத் துணைச் சார்பு தேவைப்படும். சி23 கொண்டுவந்த 'பிட்இன்ட்' வகைக்கு 'பிட்இன்ட்_மேக்ஸ்விட்த்' மேக்ரோவைப் பார்த்தால் போதும்.

பொய்யான "இல்லை"

வகை இருந்தும் கன்ஃபிகர் "இல்லை" என்று சொல்வது, இல்லாததை "உண்டு" என்பதைவிட மோசம் என்பேன். இல்லாததை உண்டு என்றால் பில்டு உடைந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். இருப்பதை இல்லை என்றால் நிரல் மெதுவான மாற்று வழியில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

2023-இல் வந்த க்ளாங் 16-உம், 2024-இல் வந்த ஜிசிசி 14-உம் அறிவிக்காத சார்பை அழைப்பதையும், வகை குறிப்பிடாத 'இன்ட்'டையும் எச்சரிக்கையிலிருந்து பிழையாக்கிவிட்டன. பழைய கன்ஃபிகர் சோதனைகளில் 'மெயின்' சார்புக்கு முன்னால் 'இன்ட்' எழுதாமல் விட்டது, 'எஸ்டிடிலிப்' சேர்க்காமல் 'எக்ஸிட்' அழைத்தது எல்லாம் சர்வசாதாரணம். அந்தச் சோதனைகள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் இப்போது தோற்கின்றன. கன்ஃபிகரோ வகை இல்லை என்று எழுதிவைக்கிறது. எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் கொடியைக் கன்ஃபிகருக்கு முன்பே கொடுத்தாலும் இதே விளைவுதான். சோதனை நிரலில் பயன்படாத ஒரு மாறி இருந்தால்கூடப் போதும். 'பெடான்டிக்-எரர்ஸ்' கொடியின் கீழ் 128 பிட் வகையை ஐஎஸ்ஓ சி ஏற்பதில்லை என்று ஜிசிசி மறுத்துவிடும். அறிவிப்புக்கு முன்னால் 'எக்ஸ்டென்ஷன்' என்ற ஜிசிசி சிறப்புச் சொல்லைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கைக் கொடிகளைச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு சேருங்கள். ஆனால் வகைகளையே மாற்றும் கொடிகளை ('லாங் டபுள்' வடிவத்தை மாற்றுபவை, 32 பிட்டுக்கு மாற்றுபவை) சோதனைக்கு முன்பே கட்டாயம் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் 'கன்ஃபிக்.லாக்' கோப்பைத் திறங்கள். தோற்ற ஒவ்வொரு சோதனையின் நிரலும் கம்பைலர் சொன்ன பிழையும் வரி வரியாக அதில் இருக்கும். சிமேக்கில் 3.26 பதிப்பு முதல் இதே விவரம் 'சிமேக்கன்ஃபிகர்லாக்' என்ற யாம்ல் கோப்பில் கிடைக்கிறது. பிழைச்செய்தி உங்கள் வகையின் பெயரைச் சொல்கிறதா, வேறு எதையாவது குறை சொல்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பத்தில் எட்டு சிக்கல் அங்கேயே புலப்பட்டுவிடும்.

சிமேக் பயன்படுத்துவோர் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். சோதனை விடைகள் கேஷில் தங்கிவிடும். கொடியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் பழைய விடையே வரும். பில்டு அடைவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்து, எம்பெடட் இலக்குகளுக்கான டூல்செயின் கோப்புகளில் சோதனைகளை நிலை லைப்ரரியாக உருவாக்கச் சொல்லும் அமைப்பு அடிக்கடி இருக்கும். அப்போது எந்தச் சோதனையும் லிங்க் வரை போகாது. வகுத்தலுக்காக நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய லிங்க் சோதனை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும்.

விடையை எங்கே வைப்பது

கண்டறிந்த அளவுகள் 'கன்ஃபிக்' ஹெடரில் இருக்கட்டும்; அந்த ஹெடர் உங்கள் மூலநிரல் அடைவைத் தாண்டிப் போகக் கூடாது. லைப்ரரியோடு நிறுவப்படும் பொது ஹெடரில் 'சைஸ்ஆஃப்_லாங் = 8' என்று எழுதிவிட்டால், அதே கணினியில் 32 பிட்டுக்குக் கம்பைல் செய்பவருக்கும் அந்த 8 தான் போய்ச்சேரும். 32, 64 இரண்டையும் அருகருகே நிறுவ அனுமதிக்கும் ஃபெடோராவில் இதே சிக்கலுக்காகத்தான் பைத்தானின் 'பைகன்ஃபிக்' ஹெடரை 32-க்கு ஒன்று, 64-க்கு ஒன்று எனப் பிரித்து வைக்கிறார்கள். பொது ஹெடரில் 'எஸ்டிடிஇன்ட்' வகைகளையும் பிரீபிராசசர் நிபந்தனைகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

வகை இல்லாத இடத்துக்கு மாற்று வழி எழுதுவீர்கள்: 128 பிட்டுக்கு இரண்டு 64 பிட் பாதிகள், 'ஃப்ளோட்16'-க்கு 'ஃப்ளோட்'. உங்கள் கணினியிலும் உங்கள் குழுவினரின் கணினியிலும் வகை இருப்பதால் அந்த மாற்று நிரல் ஒருபோதும் கம்பைல்கூட ஆகாமல் கிடக்கும். கன்ஃபிகரில் அந்த வகையை வலிந்து அணைக்கும் ஒரு தேர்வைக் கொடுங்கள். தானியங்கிப் பில்டில் ஒருமுறை அது திறந்திருக்கவும், இன்னொருமுறை அணைத்திருக்கவும் இரண்டு முறையும் முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டுங்கள். கன்ஃபிகர் முடியும்போது, எந்தெந்த எண் வகைகள் கிடைத்தன, எவற்றுக்கு மாற்று வழி போகிறது என்று நாலைந்து வரியில் திரையில் அச்சிடச் செய்யுங்கள். பயனர் பிழை அறிக்கை அனுப்பும்போது அந்த நாலைந்து வரியையும் சேர்த்து ஒட்டச் சொல்லி, பங்களிப்போர் குறிப்புக் கோப்பில் எழுதி வையுங்கள்.